ட்ரோம்சோ – லாங்யியர்பியன்: 958-ஆ, 961-ஆ, 977-ஆ? பறக்கும் நேரம் உண்மையில் எவ்வளவு?

தேன்சிட்டு (இழையைத் தொடங்கியவர்)

நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்டில் உள்ள லாங்யியர்பியனுக்கு வான்வழித் தூரம் வேண்டும். ஒரு கணிப்பான் 958 கி.மீ. என்கிறது, இன்னொன்று 961. விரிதாளில் நானே ஹேவர்சைன் சூத்திரம் (கோளத்தின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்துக்கானது) போட்டால் 977 வருகிறது. விமானத் தடம் காட்டும் செயலியைப் பார்த்தால் அதைவிடவும் கூடுதல்.

நேரமும் இதே கதைதான். கணிப்பானில் 1 மணி 10 நிமிடம். பயணச்சீட்டில் 1 மணி 40.

நான் போட்ட ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை, பாகையில்): ட்ரோம்சோ 69.41 வடக்கு, 18.55 கிழக்கு. லாங்யியர்பியன் 78.15 வடக்கு, 15.28 கிழக்கு. எங்கே பிசகு?

கணக்குப்பிள்ளை

உங்கள் 977-க்கான காரணம் நீங்கள் எழுதிய கடைசி வரியிலேயே இருக்கிறது. விமானப் பட்டியல்களில் ட்ரோம்சோ 69 பாகை 41 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று இருக்கும். 41 கலையை 60-ஆல் வகுக்க வேண்டும். அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டக்கூடாது. 69.41 அல்ல, 69.683. லாங்யியர்பியனின் 78 பாகை 15 கலையும் 78.25-ஐ ஒட்டி வர வேண்டும்.

இந்தத் தவறு ஏன் கண்ணில் படுவதில்லை என்றால், இரண்டு முனையிலும் ஒரே திசையில் நடக்கிறது. இரண்டு ஊரும் தெற்கே நகர்ந்துவிட்டன; ட்ரோம்சோ 0.27 பாகை, லாங்யியர்பியன் 0.1 பாகை. ஒரு பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுமார் 20 கி.மீ. மட்டும் மிச்சம். ஓர் ஊரில் மட்டும் இந்தப் பிழை நடந்திருந்தால் 30 கி.மீ. வரை போயிருக்கும், உடனே சந்தேகம் வந்திருக்கும்.

சரியான ஆயங்கள்: 69.683, 18.919 மற்றும் 78.246, 15.466. இடைப்படிகளைத் தருகிறேன், உங்கள் விரிதாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அட்சரேகை வேறுபாடு 8.563 பாகை. தீர்க்கரேகை வேறுபாடு 3.453 பாகை. பாதி அட்சரேகை வேறுபாட்டின் சைன் வர்க்கம் 0.005573. பாதி தீர்க்கரேகை வேறுபாட்டின் சைன் வர்க்கத்தை இரண்டு ஊர்களின் கொசைன்களாலும் பெருக்கினால் 0.000064. கூட்டினால் 0.005638. அதன் வர்க்கமூலம் 0.07508, ஆர்க்சைன் எடுத்து இரட்டித்தால் 0.15031. இதைப் பூமியின் சராசரி ஆரமான 6,371-ஆல் பெருக்கினால் 957.6 கி.மீ.

விரிதாளில் சைன், கொசைன் எல்லாம் ரேடியனில்தான் வேலை செய்யும். பாகையை மாற்றாமல் போட்டால் விடை கொஞ்சம் தவறாக வராது, அபத்தமாக வரும். அந்தப் பிழை பரவாயில்லை, தானே காட்டிக்கொடுத்துவிடும். கலையைப் புள்ளியாக ஒட்டும் பிழைதான் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

நீலவானம்

சரி, 958-க்கும் 961-க்கும் என்ன பதில்? பூமி துருவத்தில் சப்பையானது. அப்படியென்றால் வடக்கே போகப் போக ஒரு பாகையின் நீளம் குறைய வேண்டும். சப்பையைக் கணக்கில் எடுத்தால் 958-ஐவிடக் குறைவாக அல்லவா வரணும்? 961 எப்படி?

கணக்குப்பிள்ளை

நிறைய பேர் சறுக்குகிற இடம் இது. துருவம் பூமியின் மையத்துக்கு நெருக்கம் என்பது உண்மை. ஆனால் அட்சரேகைப் பாகையை மையத்திலிருந்து அளப்பதில்லை. தரைக்குச் செங்குத்தான கோடு எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்து அளக்கிறோம். சப்பையான இடத்தில் வளைவு குறைவு. வளைவு குறைந்தால், செங்குத்துக்கோடு ஒரு பாகை திரும்புவதற்கு அதிக தூரம் நடக்க வேண்டும். ஆகவே பாகை நீளுகிறது, குறையவில்லை.

நிலநடுக்கோட்டருகே ஒரு பாகை 110.57 கி.மீ. துருவத்தருகே 111.69. இந்தப் பாதையின் நடுவில், 74 பாகை வாக்கில், 111.61. கோளமாக வைத்துக்கொண்டால் எங்கும் 111.19. பாதை ஏறக்குறைய நேர் வடக்காகப் போவதால் இந்த 0.37 விழுக்காடு முழுசாக ஏறிவிடுகிறது: 957.6 என்பது 961.2 ஆகிறது. செயற்கைக்கோள் வழிகாட்டிகள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84 நீள்கோளத்தில் கிடைப்பது இந்த 961. விமானத்தின் கணினியும் இதைத்தான் சொல்லும்.

ஆக 958 தவறல்ல, கோளத்தின் விடை. 961 நீள்கோளத்தின் விடை. கடல் மைலில் (ஒன்று 1.852 கி.மீ.) 517, 519. ஒரு தளத்தில் 595 அல்லது 597 என்று பார்த்தால் அது தரை மைல். "மைல்" என்று மட்டும் எழுதியிருக்கும் அட்டவணையை நம்பி எரிபொருள் கணக்கு போடாதீர்கள்.

நீலவானம்

விமானம் 11 கி.மீ. உயரத்தில் அல்லவா போகிறது, அந்த வட்டம் பெரிதாச்சே?

கணக்குப்பிள்ளை

11-ஐ 6,371-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.17 விழுக்காடு. முழுப் பாதையும் அந்த உயரத்தில் போனாலும் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். காற்று ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) மாறினால் அதைவிட அதிகம். விட்டுவிடலாம்.

வானோடி

தூரம் முடிந்தது, நேரத்துக்கு வருவோம். கணிப்பான்கள் தூரத்தை ஒரே வேகத்தால் வகுத்துவிடுகின்றன. 519 கடல் மைலை 447 நாட்டால் வகுத்தால் 70 நிமிடம். தேன்சிட்டு பார்த்த 1 மணி 10 அதுதான். விமானம் நிலையத்தைவிட்டுக் கிளம்பும்போதே 11 கி.மீ. உயரத்தில் மாக் 0.78-இல் (ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு) இருந்தால் மட்டுமே அது சரி.

போயிங் 737-800-க்கு உண்மையான கூட்டல் இப்படி இருக்கும்.

சமவேகப் பறத்தல்: மாக் 0.78 என்பது நிலையான நாட் அல்ல, வெப்பநிலையைப் பொறுத்தது. மைனஸ் 56.5 பாகையில் 447 நாட். ஆர்க்டிக் குளிர்காலத்தில் மேலே மைனஸ் 65 இருந்தால் ஒலியின் வேகமே குறைந்து 438 நாட் ஆகிவிடும். அதில் ஒன்றரை நிமிடம் போகும். 440 என்று வைத்தால் 71 நிமிடம்.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் வேகம் குறைவு. அதனால் இழப்பது 8 நிமிடம் வாக்கில். புறப்பாட்டு வளைவு, ஃபியார்டுக்குள் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) திரும்பி ஓடுபாதைக்கு நேராக வருவது என்று 15 முதல் 20 கடல் மைல் கூடும்: 3 நிமிடம். தடம் காட்டும் செயலியில் தூரம் கூடியதற்கு இதுதான் காரணம். இதுவரை 82 நிமிடம் வானில்.

தரையில்: ட்ரோம்சோவில் நகர்ந்து ஓடுபாதையை அடைய 7, பனிநீக்கத்துக்குச் சராசரியாக 5, அங்கே இறங்கி நிறுத்த 4. மொத்தம் 98. சக்கரக்கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரைக்குமான நேரம்தான் பயணச்சீட்டில் அச்சாவது. 1 மணி 40 எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா.

பனிநீக்கத்துக்கு 5 நிமிடம் என்றது வெறும் சராசரி. தெளிந்த நாளில் சுழியம். ஈரப்பனி கொட்டும் நாளில் முதலில் சூடாக்கிய முதல் வகைத் திரவத்தால் கழுவி, அதன்மேல் கெட்டியான நான்காம் வகையைப் பூச வேண்டும். 15 நிமிடம் தாராளமாகப் போகும். பூசியது தாங்கும் நேரம் முடிவதற்குள் மேலே எழும்பவில்லை என்றால் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

தேன்சிட்டு

காற்றை விட்டுவிட்டீர்களே.

வானோடி

விடவில்லை, தனியாக எழுத வேண்டியது. 50 நாட் எதிர்க்காற்று என்றால் தரைவேகம் 447-லிருந்து 397. சமவேகப் பகுதி 69.7-லிருந்து 78.4 நிமிடமாகிறது. அதே காற்று பின்னால் இருந்தால் 62.7. போகும்போது 8.7 இழந்து, வரும்போது 7 மட்டுமே திரும்பப் பெறுகிறோம். காற்றில் போய்வருவது எப்போதும் நட்டக்கணக்கு.

ஆனால் இந்தப் பாதைக்கு ஒரு சலுகை. தொடக்கத்தில் திசை 355 பாகை, முடிவில் 352; கிட்டத்தட்ட நேர் வடக்கு. பலமான மேல்காற்று மேற்கிலிருந்து வந்தால் பெரும்பாலும் விலாவில்தான் அடிக்கும். 80 நாட் நேர் குறுக்காக அடித்தாலும் விமானம் மூக்கை 10 பாகை திருப்பிக்கொண்டு 440 நாட் தரைவேகத்தில் போய்விடும். இழப்பு ஒரு நிமிடம். கிழக்கு–மேற்காகப் பறக்கும் பாதைகளில் இந்தச் சொகுசு கிடையாது.

பனிக்காகம்

நேரக் கணக்கில ஒரு பெரிய துண்டை எல்லாரும் மறந்துபோனியள்: கடவுச்சீட்டு.

ஸ்வால்பார்ட் நோர்வேயின்ர ஆட்சிக்குள்ளதான் இருக்கு, ஆனால் ஷெங்கன் வலயத்துக்கு (தங்களுக்குள்ள எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) வெளியில. அதால ட்ரோம்சோவில வெளியேறும் சோதனை இருக்கு. ஒஸ்லோவில இருந்து ட்ரோம்சோ வழியாப் போற விமானமெண்டால், அதே விமானத்திலதான் தொடர்ந்து போறியள் எண்டாலும் ட்ரோம்சோவில இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டிப்போட்டு, திரும்ப ஏற வேணும். கைப்பை எல்லாத்தையும் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேணும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைச்சிருக்கிற ஆக்கள் கவனியுங்கோ. 1920 ஆம் ஆண்டு உடன்படிக்கையால ஸ்வால்பார்டுக்கெண்டு தனி விசா இல்லை. ஆனால் போறதும் வாறதும் நோர்வே பெருநிலம் ஊடாத்தான். ட்ரோம்சோவில வெளிக்கிட்ட உடன ஷெங்கனை விட்டு வெளியேறியாச்சு. ஒற்றை நுழைவு விசாவெண்டால் திரும்பி வரேக்க அது முடிஞ்சுபோன விசா. இரட்டை அல்லது பல நுழைவு விசா கட்டாயம் வேணும்.

நேர வலயக் குழப்பம் இல்லை, ரெண்டு இடமும் ஒரே நேரம். இன்னொண்டு, லாங்யியர்பியன் 15 பாகை கிழக்கு ரேகைக்குப் பக்கத்தில இருக்கிறதால (நோர்வே நேரம் அந்த ரேகையை வைச்சுத்தான்) குளிர்கால நேரத்தில மணிக்கூடும் சூரியனும் அங்க அநேகமா ஒத்துப்போகும். ஒக்ரோபர் கடைசியில இருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரைக்கும் சூரியனே எழும்பாத ஊருக்கு அதால என்ன பிரயோசனம் எண்டு கேளாதேயுங்கோ.

விமான நிலையத்தில இருந்து ஊர் 5 கி.மீ. போல. விமானம் வாற நேரத்துக்கு பஸ் நிக்கும். நடந்து போற யோசனை வேண்டாம், வெள்ளைக்கரடி உலாவுற இடம்.

நீலவானம்

வரைபடத்தில் பார்த்தால் ட்ரோம்சோவுக்கும் ஸ்வால்பார்டுக்கும் நடுவே ஒரு கண்டமே நுழையும் போலிருக்கிறது. 960 கி.மீ. என்பதை நம்ப முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் வகை. அதில் ஓர் இடம் எவ்வளவு இழுபடும் என்பது ஒன்றை அந்த அட்சரேகையின் கொசைனால் வகுத்த மதிப்பு. ட்ரோம்சோவில் 2.9 மடங்கு, லாங்யியர்பியனில் 4.9 மடங்கு. அந்தக் கண்டம் வெறும் இழுவைதான்.

அதே வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளப்பது இன்னும் ஆபத்து. ட்ரோம்சோ பாதை வடக்கு–தெற்கு என்பதால் நேர்கோட்டுக்கும் பெருவட்டத்துக்கும் (கோளத்தின் மேல் மிகக் குறுகிய வழி) வித்தியாசம் தெரியாது. பக்கவாட்டில் இருக்கும் ஊரை எடுத்துப் பாருங்கள்: வடமேற்கு கிரீன்லாந்தின் கானாக், 77 பாகை 29 கலை வடக்கு, 69 பாகை 23 கலை மேற்கு. லாங்யியர்பியனிலிருந்து வரைபடக் கோட்டின்படி போனால் சுமார் 1,984 கி.மீ. பெருவட்டத்தில் 1,814. ஏறக்குறைய 170 கி.மீ. மிச்சம்! அந்தப் பெருவட்டம் 81 பாகை வரை வடக்கே ஏறி கிரீன்லாந்தின் வடபகுதியைக் கடந்து இறங்கும். தொடக்கத் திசைக்கும் முடிவுத் திசைக்கும் 80 பாகைக்கு மேல் வித்தியாசம். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைதானே என்று மேற்குப் பார்த்துப் பறந்தால் நட்டம். (அப்படி ஒரு பயணிகள் சேவை இருப்பதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம், கணக்குக்காகச் சொன்னேன்.)

தேன்சிட்டு

வானோடி அண்ணா, லாங்யியர்பியனில் வானிலை கெட்டுப்போய் இறங்க முடியவில்லை என்றால்? அங்கே வேறு ஓடுபாதை ஏதும் உண்டா?

வானோடி

ஜெட் விமானத்துக்கு நடைமுறையில் இல்லை. நியோலெசுண்டில் ஒரு ஓடுபாதை இருக்கிறது, 800 மீட்டரை ஒட்டி, சரளைக்கல். 737-க்கு உதவாது. நடுவழியில் பியோர்னோயா தீவில் வானிலை நிலையம் உண்டு, விமான ஓடுபாதை கிடையாது. ஆகவே மாற்று நிலையம் என்பது மறுபடி பெருநிலமே: ட்ரோம்சோ, அல்லது அதற்குத் தெற்கே பார்டுஃபோஸ் போன்றவை.

இதன் விளைவைக் கிலோவில் பாருங்கள். எல்லாம் தோராயம். போக 3.8 டன். எதிர்பாராச் செலவுக்கு 5 விழுக்காடு, 0.2. லாங்யியர்பியனிலிருந்து திரும்பி வர 3.6. கடைசி இருப்பு 30 நிமிடத்துக்கு 1.1. தரையில் 0.2. மொத்தம் 9 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. போவதற்கான எரிபொருளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தூக்கிக்கொண்டு போகிறது.

அதோடு நிற்பதில்லை. லாங்யியர்பியனில் இறங்கும்போது தொட்டியில் 5 டன் வாக்கில் மிச்சம் இருக்கும். 737-800 இறங்கும் உச்ச எடை 65, 66 டன். விமானம் நிறைந்திருந்தால் அந்த வரம்பை ஒட்டி நிற்கிறது. ஓடுபாதை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். காய்ந்திருந்தால் தாராளம், பனி மூடி உராய்வு குறைந்திருந்தால் ஒவ்வொரு டன்னும் பேசும். "இன்னும் அரைமணி வட்டமடிக்க எரிபொருள் போடலாமே" என்று சுலபமாகச் சொல்கிறோம். அதற்கு 1.1 டன் வேண்டும், அந்த எடைக்குப் பயணப்பெட்டிகளை இறக்க வேண்டி வரலாம்.

ஐரோப்பிய விதிகளில் "தனித்த விமான நிலையம்" என்று ஒரு வகை உண்டு. மாற்று நிலையத்துக்கான எரிபொருளும் கடைசி இருப்பும் சேர்ந்து, ஜெட்டுக்கு, சேருமிடத்தின் மேல் 2 மணி நேரம் சமவேகத்தில் பறக்கும் அளவைத் தாண்டினால் அந்த வகை. இங்கே 3.6-உம் 1.1-உம் சேர்ந்து 4.7, 2 மணி நேரச் செலவு 4.8 வாக்கில். என் கைக்கணக்கில் நூலிழையில் தப்புகிறது.

நீலவானம்

நடுக்கடலில் ஒரு இயந்திரம் நின்றால்? இரண்டே இயந்திரம், 500 கடல் மைல் பேரண்ட்ஸ் கடல்...

வானோடி

பயப்படும் அளவு இல்லை. நடுப்புள்ளியிலிருந்து எந்தப் பக்கமும் 260 கடல் மைல். ஒரே இயந்திரத்தில் 40 நிமிடத்தை ஒட்டி எட்டிவிடலாம். இரட்டை இயந்திர விமானங்களுக்கு 60 நிமிட எல்லையைத் தாண்டினால்தான் சிறப்பு அனுமதி வேண்டும். இந்தப் பாதை அதற்குள் அடங்குகிறது. எரிபொருள் உறைவதும் இங்கே தலைவலி அல்ல. ஜெட் ஏ-1 உறைநிலை மைனஸ் 47. வெளியே மைனஸ் 65 இருந்தாலும் மாக் 0.78-இல் காற்று மோதி அழுந்துவதால் இறக்கை உணர்வது மைனஸ் 40 வாக்கில்தான். 80 நிமிடத்தில் தொட்டி அந்த அளவுக்குக்கூடக் குளிராது. அது துருவம் கடந்து 10, 12 மணி நேரம் பறப்பவர்களின் கவலை.

இங்கே கவலை கடைசிப் பத்து நிமிடம். ஓடுபாதை ஃபியார்டின் கரையில். தெற்கே உடனடியாகப் பிளாட்டோபெர்க் மலை. கிழக்கே அட்வென்ட் பள்ளத்தாக்கு, குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று அதன் வழியாகப் பாய்ந்து வரும். கோடையில் கடலிலிருந்து தாழ்முகிலும் மூடுபனியும். கீழே இருப்பது தகவல் தரும் சேவை. "இறங்கலாம்" என்று அனுமதி கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரம் அல்ல. 1996 ஆகஸ்ட் 29 அன்று கிழக்கேயிருந்து இறங்கி வந்த து-154 (டுபோலெவ்) பயணிகள் விமானம் நேர்கோட்டிலிருந்து விலகி ஓபராஃபியெல்லெட் மலையில் மோதியது. 141 பேரும் இறந்தார்கள். அந்தப் பக்கத்து வழிகாட்டும் வானொலிக் கற்றை ஓடுபாதைக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக வருவது. மலைகளுக்கு நடுவே வேறு வழியில்லை.

கணக்குப்பிள்ளை

குளிரில் உயரமானி பொய் சொல்லும், அதையும் சேர்த்துவிடுங்கள். குளிர்ந்த காற்று சுருங்கி அடர்த்தியாகிறது, மானி காட்டுவதைவிட விமானம் தாழ்வாக இருக்கும். நிலையத்தில் மைனஸ் 20 என்றால் 1,000 அடிக்கு 140 அடி, மைனஸ் 30 என்றால் 190 அடி கூட்டிக்கொள்ள வேண்டும். தரநிலை வெப்பநிலையைவிட (கடல்மட்டத்தில் 15 பாகை) ஒவ்வொரு 10 பாகை குளிருக்கும் 4 விழுக்காடு என்பது மனக்கணக்கு.

வானோடி

ஆம். அந்தத் திருத்தத்தை அணுகு உயரங்களுக்கும் குறைந்தபட்ச உயரத்துக்கும் போட வேண்டும். மானியின் அழுத்த அமைப்பை மாற்றிச் சரிக்கட்டக் கூடாது.

பனிக்காகம்

ஓடுபாதையைப் பற்றி ஒண்டு. 1975 இல திறந்தது. கீழ முழுக்க நிரந்தர உறைமண். மேல் அடுக்கு கோடையில இளகி குளிரில திரும்ப உறையேக்க தார் தளம் அலை அலையா எழும்பும், அதால திரும்பத் திரும்பச் சீரமைக்க வேண்டியிருக்கு. இறங்கேக்க விமானம் கொஞ்சம் குலுங்கினால் விமானியைத் திட்டாதேயுங்கோ.

பயணத் திட்டத்துக்குச் சொல்றன்: குளிர்காலத்தில அங்க இருந்து வாற நாளே ட்ரோம்சோவில இன்னொரு விமானம் பிடிக்கிற மாதிரி தனிச் சீட்டு எடுக்காதேயுங்கோ. உங்கட விமானம் ட்ரோம்சோவில இருந்து வந்தால்தான் நீங்கள் திரும்பலாம். அது மேல வட்டமடிச்சுப்போட்டு இறங்காமல் திரும்பிப் போனால், நீங்கள் நிக்கிற இடத்தில நிண்டதுதான். ஒரே சீட்டில ரெண்டு பயணமும் இருந்தால் மாத்தித் தருவினம். இல்லையெண்டால் ஓர் இரவு இடைவெளி விடுங்கோ.

தேன்சிட்டு

ஆயங்களைத் திருத்திவிட்டேன், விரிதாள் இப்போது 957.6 காட்டுகிறது. கடைசிக் கேள்வி: நேரத்துக்கு ஒரு சூத்திரம் போட்டுக்கொள்ளலாமா? மற்ற வடக்கத்திய ஊர்களுக்கும் பயன்படும்படி.

வானோடி

ஜெட்டுக்குப் போடலாம்: நீள்கோளக் கடல் மைலை 440-ஆல் வகுத்து, நிமிடமாக்கி, 27 கூட்டுங்கள். இந்தப் பாதைக்கு 71-உம் 27-உம், 98. 300 முதல் 1,000 கடல் மைல் வரைக்கும் பெரிதாக ஏமாற்றாது.

சிறு விமானத்துக்கு அதே எண்களைப் போடாதீர்கள். லாங்யியர்பியன் – நியோலெசுண்ட் வெறும் 110 கி.மீ., 59 கடல் மைல். உங்கள் சூத்திரம் 35 நிமிடம் என்னும். டர்போப்ராப் சிறு விமானம் ஜெட்டில் பாதி வேகம்தான், ஆனாலும் 25 நிமிடத்தில் போய்விடும்: நகரும் தூரம் குறைவு, உயரம் ஏறவே வேண்டாம், இறங்க வளைய வேண்டாம். அதற்கு 200 நாட்டும் 7 நிமிடமும் போட்டுப் பாருங்கள்.

தேன்சிட்டு

17.8-உம் 7-உம்... 24.8. சரியாக வருகிறது. இரண்டு தனி நிரல்களாகப் போட்டுவிட்டேன்.